ஏழு நாள் கடலும் நான்கு மணி நேர வானும்

நமது சங்கத்தின் பொன்விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, "வியாபாரம் செய்கிறவர், வியாபாரத்தைப் பற்றியே எழுதுங்கள்" என்றார்கள். எங்கள் வியாபாரம் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வெற்றிலையும் மல்லிகைப் பூவும். திருச்சியில் இரவு விமானத்தில் ஏறும் சரக்கு விடிவதற்குள் சாங்கியில் இறங்க வேண்டும், காலையில் தேக்காவில் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே நாங்கள் ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: விமானம் எத்தனை மணிக்கு இறங்கும்? எழுத உட்கார்ந்தபோதும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினோம். பிறகு அது பூவையும் வெற்றிலையையும் விட்டு வேறெங்கோ போய்விட்டது.

சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். நேர்க்கோடு என்றால் தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் போடும் கோடு அல்ல. உருண்டைப் பூமியின் மேல் போகக்கூடிய மிகக் குறுகிய வழி. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்துக்கொண்டு, தொழிற்கல்லூரியில் படித்த கோணக் கணிதத்தால் நாங்களே போட்டுப் பார்த்த கணக்கு இது. அந்தக் கோடு மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவில் மேடான் நகருக்கு அருகே போகிறது. அச்சேயின் மேற்குக் கரையில் நிலத்தை விட்டால் அப்புறம் கடல், கடல், கடல். யாழ்ப்பாணத்துக்குச் சற்று வடக்கே வந்து, வேதாரண்யத்தை ஒட்டித் தமிழகக் கரையைத் தொடுகிறது. நாகப்பட்டினம் வலப்பக்கம் ஐம்பது கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. எங்கள் ஊரான கூத்தாநல்லூர் அந்தக் கோட்டிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். அதாவது நாம் ஊரைத் தாண்டிப் பறந்து திருச்சியில் இறங்கி, பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் வந்த திசைக்கே திரும்பிப் போகிறோம்!

மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் 2,980 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம் போதும். பயணச்சீட்டில் நான்கு மணிக்கு மேல் போட்டிருக்கிறார்களே என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. வாயிலிலிருந்து பின்னால் தள்ளி, ஓடுபாதை வரை ஊர்ந்து, வரிசையில் நின்று, மேலே ஏறி, மறுமுனையில் இறங்கி, மறுபடி ஊர்ந்து நிற்கும்வரை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். விமானம் நமது நேர்க்கோட்டில் போவதில்லை. வான்வழிகள் வளைந்து நெளிந்தே போகின்றன. எதிர்க்காற்று இருந்தால் இன்னும் பத்து நிமிடம். இதற்கு மேல் கடிகாரக் குழப்பம். சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. ஊருக்குப் போகும்போது நான்கு மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாகத் தெரியும். திரும்பும்போது ஆறரை மணி நேரமாகத் தெரியும். 1982ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன்பு இந்த வேறுபாடு இரண்டு மணி நேரம்தான். அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. மூத்தவர்கள் சிலர் இன்றும் "ரெண்டு மணி நேரம் கழிச்சுக்கோ" என்று சொல்வது பழைய பழக்கம்.

நம் முன்னோருக்குத் தொலைவு கிலோமீட்டராக இருந்ததே இல்லை. மார்க்க நூல்களில் பயணத் தொழுகையைச் சுருக்குவதற்குரிய தூரத்தைக்கூட இரண்டு நாள் நடை, மூன்று நாள் நடை என்றுதான் சட்ட அறிஞர்கள் பேசினார்கள். பாய்மரக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து பினாங்குக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தால், "எந்த மாதம்?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். தென்மேற்குப் பருவக் காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும். வடகிழக்குக் காற்று திரும்பக் கொண்டுவரும். காற்றைத் தவறவிட்டவர் அடுத்த பருவம்வரை அங்கேயே கிடக்க வேண்டும். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் மரைக்காயர்கள் இந்தக் காற்றை வைத்தே வியாபாரக் கணக்கை எழுதினார்கள். 1786இல் பினாங்கைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட், கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவருகின்றன என்று 1794இல் எழுதினார். அவர்கள் உழைத்துச் சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள், அவர்களுடைய இடத்துக்கு வேறு ஆட்கள் வருவார்கள் என்பது அவர் கண்டது. நம் ஊர்களில் வழங்கும் 'சபுராளி' என்ற சொல்லின் முழுப் பொருளும் அதில் அடங்கிவிட்டது.

சிங்கப்பூரிலும் அப்படித்தான். ராஃபிள்ஸ் 1819இல் வந்திறங்கிய பத்தாண்டுகளுக்குள் சூலியா முஸ்லிம்கள் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலுக்கு இடம் பிடித்தார்கள். தெலுக் ஆயர் தெருவில் ஓலைக் குடிசையாக எழுந்ததால் 'குச்சுப் பள்ளி' என்று பெயர் பெற்றதே இன்றைய அல் அப்ரார் பள்ளிவாசல். அதே தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது நாகூர் தர்கா. இன்று அந்தத் தெருவில் நின்றால் நான்கு பக்கமும் கட்டடம்தான் தெரியும். அன்று அது கடற்கரை. படகிலிருந்து இறங்கியவர் நனைந்த காலோடு போய்ச் சுக்ரு செய்யும் தூரத்தில் அவை கட்டப்பட்டன. பள்ளிவாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே நம்மவர்கள் எப்படி வந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

பிறகு நீராவி வந்தது, ரயில் வந்தது. 1861-62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு இருப்புப் பாதை போட்டார்கள். துறைமுகத்துக்குச் சரக்கும் ஆளும் கொண்டுவருவதற்காக அமைந்த பாதை அது. அன்று திருச்சிக்காரர் நாகைக்கு வந்தால்தான் மலாயாவுக்குப் போகலாம். இன்று நாகைக்காரர் திருச்சிக்குப் போனால்தான் மலாயாவுக்குப் போகலாம்.

எங்கள் நன்னா 1950இல், பதினெட்டு வயதில் கூத்தாநல்லூரிலிருந்து கொரடாச்சேரிக்கு மாட்டு வண்டியில் போய், ரயிலேறித் திருவாரூர் வழியாக நாகைக்குச் சென்றார். சுற்று வட்டாரத்தில் எங்கள் ஊரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்பார்கள். பெரிய சிங்கப்பூரைப் பார்க்க அவருக்கு வாய்த்த கப்பல் 'ரஜூலா'. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் ஓடிய கப்பல். தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. நம் குடும்பங்களில் ரஜூலாவில் ஒருவராவது வராத குடும்பம் குறைவு. நாகையில் கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாத கரை. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், ஆடுகிற படகிலிருந்து ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். கடல் பொங்கும் மாதங்களில் அந்த ஒரு மைல்தான் மொத்தப் பயணத்திலும் பயங்கரமானது என்று நன்னா சொல்வார். தகரப் பெட்டி, பாய், ஒரு மண்பானை, நன்னி கட்டிக்கொடுத்த இடியப்ப மாவும் கருவாடும். மேல்தளத்தில் பாய் விரித்த இடம் அவரவர் வீடு. கீழே சரக்கறையில் வெங்காயமும் மிளகாயும். பினாங்கு வரும்வரை வெங்காய வாடை சட்டையை விட்டுப் போகவில்லையாம்.

நாகையிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 1,260 கடல் மைல். ரஜூலா மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் போகும். வகுத்துப் பார்த்தால் நூறு மணி நேரம், அதாவது நான்கு நாளும் கொஞ்சமும். பினாங்கில் ஒரு நிறுத்தம், போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு நிறுத்தம், பிறகு சிங்கப்பூர். ஆக ஏழு நாள் என்று பெரியவர்கள் சொல்வது கணக்குக்குச் சரியாகவே வருகிறது. கப்பலில் யாருக்காவது அம்மை கண்டால் அதோடு முடியாது. சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு, பினாங்கில் ஜெரெஜாக் தீவு என்று தடைகாப்பு முகாமில் இறக்கிவிடுவார்கள். கண்ணெதிரே விளக்கெரியும் ஊரைப் பார்த்துக்கொண்டே நாட்களை எண்ண வேண்டும்.

அப்படி வந்தவர் நினைத்த மாத்திரத்தில் திரும்ப முடியாது. பணம் ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். 1953 ஆகஸ்ட் முதல் தேதி நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், வேண்டியவர் வரலாம் போகலாம் என்றிருந்த பழைய நிலையை முடித்தது. அதன் பிறகு ஊருக்குப் போகிறவர் திரும்பி வர உரிமை இருக்கிறதா என்று காகிதத்தைப் பார்த்துவிட்டே கப்பல் சீட்டு எடுத்தார். ஏழு நாள் தூரம் என்பது ஏழு நாளும் ஒரு முத்திரையும் என்று ஆகிவிட்டது.

1957இல் நன்னாவின் தாயார் ஊரில் மௌத்தானார். செய்தி தந்தியில் வரவில்லை. தந்திக்கு ஊரில் அலைந்து செலவு செய்ய ஆளில்லாமலோ, கொடுத்தும் இவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தோ, கடிதம் எழுதிவிட்டார்கள். கடிதம் கிடைத்தபோது அடக்கம் முடிந்து பன்னிரண்டு நாள். அன்று இஷாவுக்குப் பிறகு கடைக்கு மேலே ஆட்கள் தங்கும் அறையில் எல்லாரும் கூடினார்கள். ஷாஃபி மத்ஹபுக்காரர்கள் காயிப் ஜனாஸா தொழுதார்கள். ஹனஃபி மத்ஹபுக்காரர்கள் யாசீன் ஓதி துஆ செய்தார்கள். ஓர் அறையில் இரண்டும் நடந்தது, யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. மறுநாள் சுபுஹுக்குப் பிறகு நன்னா வழக்கம்போலக் கடை திறந்தார். அவர் மட்டுமில்லை, அந்தக் கால சபுராளிகள் எல்லாருக்கும் இதுதான் நடந்தது. பெற்றவரை கபுரில் வைக்கக் கையில் ஒரு பிடி மண் அள்ளிப் போடக் கிடைக்காத தலைமுறை அது. நம் மார்க்கத்தில் ஜனாஸாவைத் தாமதிக்கக்கூடாது. ஏழு நாள் தூரத்துக்கும் ஒரு நாளுக்குள் அடக்கம் என்ற விதிக்கும் நடுவில் சமாதானம் ஏது?

எங்கள் அத்தா வந்தது வேறு கப்பலில். எழுபதுகளின் நடுவில், பதினான்கு வயதில் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் வந்தார். 1966இல் பிரான்சில் 'பஸ்தேர்' என்ற பெயரில் கட்டப்பட்டு, தென்னமெரிக்காவுக்கு ஓடிக்கொண்டிருந்த சொகுசுக் கப்பல் அது. 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி, ரஜூலாவின் தடத்தில் விட்டது. குளிர்சாதனம், நீச்சல் குளம், பெரிய சாப்பாட்டுக் கூடம் எல்லாம் இருந்தன. அத்தா அதில் கண்டு வியந்தது நகரும் படிக்கட்டு அல்ல, தொட்டால் திறக்கும் கதவு அல்ல. குழாயைத் திருகினால் வெந்நீர்! ரஜூலாவைவிட வேகமான கப்பல், நாட்கள் குறைந்தன. ஆனாலும் கப்பல் வருகிற தேதிக்குத்தான் மனிதர் போக முடியும். மௌத்துக்குத் தேதி கிடையாது.

நமது சங்கம் பிறந்தது அந்தக் கப்பல் காலத்தின் கடைசிக் கட்டத்தில், 1975இல். முதல் நிர்வாகிகளில் பெரும்பாலோர் கப்பலில் வந்தவர்கள். அவர்கள் சங்கத்தை அமைத்த நோக்கங்களில் கல்வி, ஏழை வரி என்று பலவற்றை மலரின் மற்றக் கட்டுரைகள் சொல்லும். எங்களுக்குத் தெரிந்து இன்னொன்று உண்டு. தனியாக வாழும் சபுராளி இங்கே மௌத்தானால் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கம் செய்ய ஆள் வேண்டும்; ஊரில் அவருடைய தாயோ தகப்பனோ மௌத்தானால் செய்தியைச் சொல்லிப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். முதல் வேலை இன்னும் நடக்கிறது. இரண்டாவது வேலை, கைத்தொலைபேசி வந்த பிறகு, தேவையில்லாமல் போனதுபோல் தெரிகிறது. தெரிகிறது, அவ்வளவுதான்.

1984 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. பலர் உயிரிழந்தார்கள். கப்பல் மறுபடி அந்தத் தடத்தில் ஓடவே இல்லை. மறு ஆண்டு உடைக்கப் போய்விட்டது. தூரத்தைச் சுருக்கியது விமானம் மட்டும் என்று நினைக்கிறோம். கப்பல் இல்லாமல் போனதும் ஒரு காரணம். மலிவாகப் போக வேண்டியவரும் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுபோக வேண்டியவரும் வேறு வழியில்லாமல் விமானத்துக்கு மாறினார்கள். அதற்கு முன்பே விமானங்கள் இருந்தன. சிங்கப்பூரில் 1937இல் காலாங், 1955இல் பாய லேபார், 1981இல் சாங்கி என்று விமான நிலையங்கள் இடம் மாறிப் பெருகின. ஆனால் நம் ஊர்க்காரருக்கு விமானம் என்றால் சென்னை. திருச்சியில் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை இருந்தும், வெகுகாலத்துக்கு அங்கிருந்து வெளிநாடு என்றால் கொழும்புதான்.

இங்கே ஒரு கணக்கு. சாங்கியிலிருந்து சென்னை 2,925 கிலோமீட்டர், திருச்சி 2,980 கிலோமீட்டர். வித்தியாசம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், விமானத்துக்கு நான்கைந்து நிமிடம். ஆனால் சென்னையில் இறங்கினால் கூத்தாநல்லூருக்குச் சாலையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். திருச்சியில் இறங்கினால் நூறு கிலோமீட்டரும் கொஞ்சமும். அந்த ஐந்து நிமிடத்தின் விலை என்ன என்பதை 1994இல் எங்கள் வீடு தெரிந்துகொண்டது.

நன்னா அதற்குள் வியாபாரத்தை அத்தாவிடம் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். ஒரு நாள் சுபுஹு நேரத்தில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. தஹஜ்ஜுது நேரத்தில் நன்னா வஃபாத்தாகிவிட்டார். எங்களுக்கு அப்போது ஆறு வயது. அத்தா கைலியோடு வாசலில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. காலை விமானத்தில் இடமில்லை, மாலை விமானத்தில் கிடைத்தது. "காத்திருக்க வேண்டாம், நேரத்தோடு அடக்கம் செய்துவிடுங்கள்" என்று அத்தாவே ஊருக்குச் சொன்னார். அஸருக்குப் பிறகு அடக்கம் நடந்தது. அதே நேரத்தில் அவர் சாங்கியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இரவு சென்னையில் இறங்கி, வாடகை அம்பாசடரில் விழுப்புரம், கும்பகோணம் வழியாக இரவெல்லாம் போய், காலை எட்டு மணிக்குக் கூத்தாநல்லூர். நேரே கபுருஸ்தானுக்குப் போனார். மண் ஈரமாக இருந்தது என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். காலையிலேயே இடம் கிடைத்து, விமானம் திருச்சியில் இறங்கியிருந்தால் லுஹருக்கெல்லாம் வீட்டு வாசலில் நின்றிருப்பார். பிற்பாடு இந்தக் கணக்கை நாங்கள் அவரிடம் போட்டுக் காட்டினோம். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். காட்டியிருக்க வேண்டாம்.

இரண்டாயிரத்தின் பிற்பாதியில் மலிவு விலை விமானங்கள் திருச்சியைக் கண்டுபிடித்தன. கோலாலம்பூர், சிங்கப்பூர் இரண்டுக்கும் நேரடி விமானம் வந்தது. டைகர் ஏர்வேஸ் பறந்த தடத்தில் 2017க்குப் பிறகு ஸ்கூட் பறக்கிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ ஆகியனவும் வந்தன. 2012இல் திருச்சிக்குப் பன்னாட்டு விமான நிலையத் தகுதி கிடைத்தது. ஓடுபாதை இரண்டரைக் கிலோமீட்டர் அளவுதான். அதனால் இந்தத் தடத்தில் வருவது நடுவில் ஒரே நடைபாதை கொண்ட சிறிய விமானங்கள். வயிற்றுப் பகுதியில் சரக்குக்கு இடம் குறைவு. பள்ளி விடுமுறைக் காலத்திலும் பெருநாளையொட்டியும் பயணிகளின் பெட்டிகளே நிரப்பிவிடும். எங்கள் முருங்கைக்காய் திருச்சியிலேயே நின்றுவிடும். மல்லிகை ஒரு நாள் நின்றால் குப்பை. தூரத்தின் மதிப்பை மல்லிகை வியாபாரியைவிட நன்றாக அறிந்தவர் மையித்து வீட்டார் மட்டுமே.

இந்த நேரடி விமானம் நம் சமூகத்துக்குச் செய்ததைச் சுற்றுலா விளம்பரத்தில் பார்க்க முடியாது. 2014இல் எங்கள் பெரிய மாமா ஊரில் வஃபாத்தானார். இரவு பத்து மணிக்குச் செய்தி. காலை விமானத்தில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம். ஊர் நேரப்படி பிற்பகல் இரண்டரைக்கு மாமாவின் முகத்தைப் பார்த்தோம். சந்தூக்கைத் தூக்கும்போது தோள் கொடுத்தோம். மூன்று தலைமுறையில் எங்கள் குடும்பத்தில் சிங்கப்பூரிலிருந்து போய் ஒரு ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தது அதுதான் முதல் முறை. அன்றிரவு நன்னி எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எனக்கும் வந்துருவியள்ல?" என்று கேட்டார். "நாலு மணி நேரம்தானே நன்னி" என்றோம்.

2020 மார்ச் 22 நள்ளிரவோடு இந்தியா பன்னாட்டு விமானச் சேவையை நிறுத்தியது. மீட்பு விமானங்கள் பிறகு பறந்தன. பெயரைப் பதிந்துவிட்டுத் தூதரகம் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். போனால் அங்கே தனிமைப்படுத்தல், இங்கே திரும்ப அனுமதி வேண்டும். செயின்ட் ஜான்ஸ் தீவும் 1953ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து ஒரே நேரத்தில் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஜூன் மாதம் நன்னி மௌத்தானார். தொற்று அல்ல, வயதுதான். ஆனால் ஊரில் கூட்டம் சேரக் கூடாது, இருபது பேருக்குள் அடக்கம். நாங்கள் தேக்காவில் பூட்டிய கடைக்குள் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் பார்த்தோம். ஊரில் ஒரு தம்பி கேமராவைப் பிடித்திருந்தான். அவன் கை நடுங்கியதால் படம் ஆடிக்கொண்டே இருந்தது. கபுரில் இறக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்தது. அத்தா தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "அல்லாஹு அக்பர்" என்று கை கட்டி நின்றார். நன்னா தன் தாய்க்காக 1957இல் நின்றதுபோல. இடையில் அறுபத்து மூன்று ஆண்டுகள்.

2021 நவம்பர் இறுதியில் தடுப்பூசி போட்டவர்களுக்கான பயணத்தடம் இந்தியாவுடன் தொடங்கியது. சென்னை, டெல்லி, மும்பை. திருச்சி அந்தப் பட்டியலில் இல்லை. மறுபடியும் சென்னையில் இறங்கி இரவெல்லாம் கார். நன்னி கபுருக்கு அத்தா அப்படித்தான் போனார். 2022 மார்ச் இறுதியில் வழக்கமான சேவைகள் மீண்டன. வெற்றிலையும் வரத் தொடங்கியது.

திருச்சியில் புதிய முனையம் 2024இல் திறந்தாகிவிட்டது. ஸ்ரீரங்கக் கோபுரத்தின் சாயலில் வண்ணச் சுவர்கள், பெரிய கூடம். ஓடுபாதை பழையதுதான். இப்போது அத்தா ஆண்டில் பாதி நாள் கூத்தாநல்லூரில் இருக்கிறார். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. சென்ற நோன்புப் பெருநாளுக்கு நாங்கள் போயிருந்தபோது, ஊர் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் பேச்சோடு பேச்சாகத் தன் மௌத்தைப் பற்றிச் சொன்னார். "எனக்காக இவனுவளுக்குக் காத்துக்கிட்டு மையித்தைப் போட்டு வைக்காதிய. அதிகாலையில ஆச்சுன்னா அஸருக்கு வைங்க. மத்தியானத்துக்கு மேல ஆச்சுன்னா மறுநாள் லுஹருக்கு வைங்க. அதுக்குள்ள திருச்சி விமானத்துல வந்தாப் பாக்கட்டும். வரலைன்னா அடுத்த விமானத்துல கபுருக்கு வரட்டும்."

ஊர் திரும்பிய அன்றே நாங்கள் கணக்குப் போட்டோம். செய்தி கிடைத்ததிலிருந்து சாங்கி போய்ச் சேர ஒரு மணி நேரம், விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம், பறக்க நான்கு மணி நேரம், வெளியே வர முக்கால் மணி நேரம், சாலையில் இரண்டரை. மொத்தம் பத்தேகால் மணி நேரம், விமானம் அந்த நேரத்துக்குப் பொருந்தி வந்தால். பொருந்தாவிட்டால் பகல், இரவு விமானங்களுக்கு இடைப்பட்ட நேரத்தையும் சேர்க்க வேண்டும். அத்தா சொன்ன அஸர் கணக்கு அதோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அவரும் எங்கோ உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டிருக்கிறார்.